அச்செழுத்தும் கணிப்பொறியும்

தமிழ்நாட்டின் எல்லைக்கு இப்பால் வாழும் நமக்கு ஒரு பெருமையுண்டு. இந்திய மொழியொன்று தன் சொந்த எழுத்தில் அச்சேறிய முதல் நூலாக இன்று அறியப்படுவது தமிழ் நூலே. அஃது அச்சேறிய இடமோ இக்கேரள மண்ணிலுள்ள கொல்லம்! 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் அண்டிரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ ஆங்கே வெளிவந்தது. பதினாறே பக்கங்கள். கோவாவில் 1577-இல் வார்த்த எழுத்துகள் இருக்கவும், கொல்லத்தில் மறு ஆண்டு வேறு எழுத்துகள் வார்க்கப்பட்டன. இருவகை எழுத்தும் அந்நூலின் இறுதிப் பக்கத்திலேயே காட்டப்பட்டுள்ளன. எழுத்துருச் சிக்கல் நேற்று முளைத்ததன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1679-இல், இன்றைய திருச்சூர் மாவட்டத்து அம்பழக்காட்டில், புரோயென்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துகீசிய அகராதி அச்சாயிற்று. பின்னர் தரங்கம்பாடியும் சென்னையும் ஓங்கின. அவ்வரலாறு பலரும் அறிந்ததே.

ஈய எழுத்துக் காலத்தில் அச்சுக்கோப்பவர் கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அடுக்கிக் ‘கொ’ என்பதைக் கோத்தார். தொடக்கக் காலக் கணிப்பொறியும் அவ்வழியே சென்றது. அதன் அறைகள் 256. பாதியை ஆங்கிலம் கொண்டது. எஞ்சியவற்றில் எவ்வெழுத்தை எவ்வறையில் வைப்பது என்பதை ஒவ்வோர் எழுத்துரு செய்தவரும் தத்தம் விருப்பப்படி முடிவு செய்தார். கனடாவில் சீனிவாசனாரின் ‘ஆதமி’, மலேசியாவில் முத்து நெடுமாறனாரின் ‘முரசு’, கல்யாணசுந்தரனாரின் ‘மயிலை’ எனத் தமிழன்பர் பலர் உழைத்தனர்; உழைப்பு ஒன்று, வழிகள் பல. 1999-இல் சென்னையில் கூடிய மாநாடு ‘டாம்’, ‘டாப்’ என்னும் இரு முறைகளை வகுத்தது. கடல் கடந்த தமிழர் பலர் ‘திஸ்கி’ முறையைப் பற்றி நின்றனர்.

புகைவண்டித் துறையில் உள்ளோர்க்கு இது நன்கு விளங்கும். மீட்டர் பாதையில் வந்த வண்டி அகலப் பாதையில் ஏறாது. சரக்கை இறக்கித்தான் மாற்றவேண்டும். பாலக்காடு–பொள்ளாச்சிப் பாதை அகலப்படுத்தப்பெற்று 2015-இல் திறக்கும் வரை நாமும் அதனைக் கண்டோமல்லவா?

1991-இல் வெளியான யூனிகோடு தமிழுக்கு நிலையான இடம் தந்தது. ஆயினும் அதில் மெய்யின் எழுத்து முன்னும் உயிர்க்குறி பின்னுமாகவே சேமிக்கப்படும். ‘கெ’ என்பதில் கொம்பை முன்னே கொணர்வது மென்பொருளின் கடமை. அக்கடமையை அறியாத மென்பொருளில் கொம்பு மெய்யின் பின்னே இடம் மாறி நிற்கும். அச்சகங்கள் விரும்பிய பேஜ்மேக்கர், 2001-இல் வந்த தன் இறுதிப் பதிப்பு வரை யூனிகோடு கற்கவேயில்லை. பேராசிரியர் கனூத் 1978-இல் அளித்த டெக் என்னும் அச்சுக்கோப்பு முறையோ, 2004-இல் ஜோனதன் கியூவின் ‘சீடெக்’ வாயிலாக யூனிகோடு எழுத்துருக்களை நேரே ஏற்றது.

சென்ற ஆண்டு நம் மலருக்கும் இவ்விடர் நேர்ந்தது. எழுத்துருவை நிறுவியும் மெய்ப்பில் கொம்புகள் இடம் மாறி நின்றன. எழுத்துரு பழுதென்று கருதி அச்சகத்தார் அதனை மும்முறை நீக்கி நிறுவினர். குறையோ இன்டிசைனின் பத்தி அமைப்பில் இருந்தது. 2012-இல் வந்த பதிப்பு முதல் இந்திய எழுத்துகளுக்கென அதில் தனிக் கோப்பு முறை உண்டு. அதனைத் தேர்ந்ததும் எழுத்துகள் தத்தம் இடம் சேர்ந்தன.

ஆனால் பழைய மலர்களின் நிலை இத்துணை எளிதன்று. மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களுக்குத் தம் முன்னோர் மலையேறி வந்த கதையைப் பெரியவர் சிலர் அவற்றில் எழுதியுள்ளனர். அவர்களுட் பலர் இன்றில்லை. அச்சிட்ட படிகளைக் கறையான் தின்றது. குறுந்தகட்டிலுள்ள கோப்புகளைத் திறந்தால் பொருளற்ற ஆங்கிலக் குறிகளே தோன்றுகின்றன. சொற்கள் அழியவில்லை, எம்முறையில் எழுதப்பட்டன என்பதே மறைந்துள்ளது. முறை தெரிந்தால் அறைக்கு அறை பட்டியலிட்டு, கொம்பை மெய்யின் பின்னுக்கு நகர்த்தி, யூனிகோடாக மாற்றிவிடலாம். ஆதலின் பழைய கோப்பு வைத்திருக்கும் குடும்பத்தார், அக்காலக் கணிப்பொறி பரணில் கிடப்பினும், அதிலுள்ள எழுத்துருவையும் சேர்த்தே செயலாளரிடம் ஒப்படைக்க வேண்டுகிறேன்.