கைக்குள் அடங்கிய விளக்கு

மன்னர்களின் போர்களும் ஆட்சி ஆண்டுகளுமே வரலாறு என்று எண்ணும் பழக்கம் நம்மிடையே உண்டு. ஆனால் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கும் டார்ச்சு விளக்குக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. எளிய மனிதன் ஒருவன் இருட்டில் தன் காலடியைத் தானே பார்த்து நடப்பதற்கு எத்தனை நூற்றாண்டுகள் காத்திருந்தான் என்பதே அவ்வரலாறு. அதனைத் திருப்புட்குழி என்னும் சிற்றூரை நடுவாக வைத்துச் சொல்ல விழைகிறேன்.

காஞ்சிபுரத்திற்கு மேற்கே, வேலூர் செல்லும் நெடுஞ்சாலையில், பாலுசெட்டிச் சத்திரத்தை அடுத்துள்ளது இவ்வூர். புள் என்றால் பறவை. சடாயு என்னும் புள்ளுக்கு இராமபிரான் ஈமக்கடன் செய்த இடம் இது என்பது தலபுராணம். இங்கே கோயில் கொண்டிருப்பவர் விசயராகவப் பெருமாள். யாதவப்பிரகாசரிடம் இளம் இராமாநுசர் பாடங் கேட்டது இவ்வூரில்தான் என்று குருபரம்பரை வரலாறுகள் கூறுகின்றன. அந்த 11ஆம் நூற்றாண்டில் கதிரவன் மறைந்தபின் மாணவர்களுக்கு இருந்த ஒளி யாது? எண்ணெய் அகலும் நிலவும் தவிர வேறில்லை.

அக்காலத்தில் ஒளியின் விலை என்ன என்பதைக் கல்வெட்டுகளே சொல்கின்றன. கோயிலில் இரவும் பகலும் அணையாது எரியும் ஒரு நந்தா விளக்கு வைக்க விரும்பியவர், பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகளைக் கொடையாக அளித்தார். அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். இறந்த ஆட்டுக்கு ஈடாகக் குட்டிகள் வளர்ந்து நிற்பதால் மந்தையின் எண்ணிக்கை குறையாது. ஆதலால் அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டுகள் பெயரிட்டன. ஒரு சிறு சுடரின் பின்னே ஒரு மந்தையே நின்றது! கோயிலுக்கு இது இயலும். வயலுக்குச் செல்லும் உழவனுக்கு இயலுமா? அவன் தீப்பந்தத்தை ஏந்தினான். அல்லது இருளிலேயே நடந்தான்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மண்ணெண்ணெய் வந்தது. அதனுடன் காற்றுக்கு அணையாத அரிக்கேன் விளக்கும் வந்தது. பந்தத்தை விட அது பெரிய முன்னேற்றமே. எனினும் அதன் ஒளி எல்லாப் பக்கமும் சிதறும். ஏந்துபவரின் கண்ணைக் கூசச் செய்யும். தொலைவில் உள்ளதைக் காட்டாது. வேண்டிய திசையில் மட்டும், வேண்டிய நேரத்தில் மட்டும் ஒளி வேண்டுமென்றால் தீயை விட்டு மின்சாரத்திற்குப் போக வேண்டியிருந்தது.

1866இல் பிரான்சு நாட்டு அறிஞர் லெக்லாஞ்சே துத்தநாகம், கரி, மாங்கனீசு டையாக்சைடு, நவச்சாரக் கரைசல் ஆகியவற்றால் ஒரு மின்கலம் செய்தார். அது நீர்மம் தளும்பும் கலம். கையில் எடுத்துச் செல்ல ஏற்றதன்று. 1886இல் செருமானியரான கார்ல் காசுனர் அந்நீர்மத்தைப் பசையாக்கித் துத்தநாகக் குவளைக்குள் அடைத்தார். கவிழ்த்தாலும் சிந்தாத உலர் மின்கலம் பிறந்தது. 1899இல் டேவிட் மிசெல் என்பவர் குழாய் வடிவான கைவிளக்குக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். உருசியப் பேரரசிலிருந்து குடியேறிய கான்ராடு ஊபர்ட்டின் நிறுவனம் அதனைச் செய்து விற்றது. அக்காலத்துக் கலம் வலுவற்றது. விளக்கைத் தொடர்ந்து எரிக்க முடியாது. விட்டுவிட்டு மின்னவே முடிந்ததால் அமெரிக்கர் அதற்கு ‘பிளாஷ் லைட்’ என்று பெயரிட்டனர். ஆங்கிலேயரோ பந்தத்தின் பெயரான ‘டார்ச்சு’ என்பதையே வைத்தனர். நம் சிற்றூர் மக்கள் இரண்டையும் விட்டுப் ‘பேட்டரி லைட்டு’ என்றனர். வியப்பு விளக்கில் அன்று, கலத்தில்தான் இருக்கிறது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர் போலும்!

நம் நாட்டில் எவரெடி என்னும் பெயர் டார்ச்சுக்கே மறுபெயர் ஆயிற்று. 1952இல் சென்னையில் அக்கலங்களைச் செய்யும் ஆலை எழுந்தது. 1958இல் இலக்னோவில் டார்ச்சு ஆலை எழுந்தது. அந்நிறுவனம் பின்னர் யூனியன் கார்பைடு இந்தியா எனப் பெயர் பெற்றது. 1984 டிசம்பரில் போபாலில் ஆயிரக்கணக்கானோரின் உயிரைக் குடித்த நச்சுவாயு கசிந்தது அதே நிறுவனத்தின் பூச்சிமருந்து ஆலையிலிருந்துதான். வரலாற்றைப் படிக்கும் மாணவர், ஒளியைப் பற்றிப் பேசும்போதும் இதனை மறத்தல் ஆகாது.

அடுத்த மாற்றம் அண்மைக் காலத்தது. இழைவிளக்கு, தான் உண்ணும் மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்கும். 1962இல் நிக் ஓலோனியாக் சிவப்பு ஒளி தரும் எல்.இ.டி.யை ஆக்கினார். நீல ஒளி கிடைக்க மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. அதனைச் சாதித்த அக்காசாக்கி, அமானோ, நாக்காமுரா ஆகிய மூவரும் 2014இல் நோபல் பரிசு பெற்றனர். நீல ஒளியை மஞ்சள் ஒளிர்பொருளின் மீது செலுத்தி வெள்ளொளி பெறுகிறோம். 1991இல் விற்பனைக்கு வந்த இலித்தியம் அயனி மின்கலமும் இதனுடன் சேர்ந்தது. ஒரு விரல் நீளமுள்ள கருவி, பழைய மூன்று கட்டை டார்ச்சைத் தோற்கடிக்கத் தொடங்கியது.

இவ்வளவு ஒளி நமக்கு எதற்கு? 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்று மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். பெரும்பாலோர் சிற்றூர் மக்கள். மோட்டார் ஓட்டி நீர் பாய்ச்ச இரவில் வரப்பேறிச் செல்லும் உழவர்களை நான் திருப்புட்குழிப் பக்கத்தில் கண்டதுண்டு. கண்ணாடி விரியன் வரப்பில் அசையாமல் கிடக்கும். கட்டு விரியனோ இரவில் வீட்டுக்குள்ளே வந்து, தரையில் உறங்குவோரைக் கடிக்கும். விளக்கைக் கண்டு பாம்பு ஓடிவிடும் என்று எண்ணாதீர்கள். பாம்பைக் கண்டு நாம் விலகவே விளக்கு. கடிபட்டபின் காப்பாற்றுவது நச்சுமுறி மருந்து. அதற்குரிய நஞ்சைச் சேகரிக்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் மாமல்லபுரத்திற்கு அருகே வடநெம்மேலியில் இயங்கிவருகிறது. இருளில் பாம்பை அறிந்த மக்களே மருந்துக்கும் வழிசெய்தனர் என்பது எண்ணத்தக்கது.

ஆகவே நாள்தோறும் உடன்கொள்ளும் கைவிளக்கை எவ்வாறு தேர்வது? பெட்டியில் அச்சிட்ட லூமென் எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். லூமென் என்பது மொத்த ஒளியின் அளவு. வரப்பில் நடக்க நூறு லூமென் தாராளமாகப் போதும். அது எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதே முதற்கேள்வி. பொது அளவுமுறையின்படி, தொடக்க ஒளியில் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை உள்ள நேரமே எரியும் நேரம் எனக் குறிக்கப்படுகிறது. அதுபோல ‘100 மீட்டர் பாயும்’ என்றால், அந்த எல்லையில் முழுநிலவளவு ஒளியே இருக்கும் என்பது பொருள். பாயும் தொலைவை இரட்டிப்பாக்க நான்கு மடங்கு ஒளிச்செறிவு வேண்டும். ஆனால் காலடியைக் காட்டத் தொலைவில் பாயும் ஒளி வேண்டுவதில்லை. பரந்த ஒளியே வேண்டும்.

மழையில் நனைந்தாலும் கெடாததாகவும், ஈரக்கையால் இயக்கத்தக்கதாகவும் அது இருக்கட்டும். மின்னூட்டத்தக்க கலம் சிக்கனமானது. மின்வெட்டு மிகுந்த ஊரில் பெட்டிக்கடையில் கிடைக்கும் பென் செல் கைகொடுக்கும். துத்தநாகக் கலத்தை நெடுநாள் உள்ளே விட்டுவைக்காதீர்கள். அதன் குவளையே மின்சாரத்துக்காகக் கரைவதாதலால், ஓட்டை விழுந்து பசை கசியும். கைபேசியிலும் விளக்கு உண்டே என்பீர்கள். ஆபத்தில் 108 ஊர்தியை அழைக்கவேண்டிய மின்சாரத்தை வழியெல்லாம் எரித்துத் தீர்ப்பது அறிவுடைமை ஆகாது.

96 ஆடுகள் காத்த சுடரை விடப் பிரகாசமான ஒளி இன்று ஒருவரது சட்டைப்பைக்குள் அடங்குகிறது. அது கோயிலின் உடைமையாகவோ செல்வரின் உடைமையாகவோ மட்டும் நிற்காமல், களத்துமேட்டில் காவல் இருப்பவர் கைக்கும், விடியுமுன் பால் கறக்கச் செல்லும் தாய்மார் கைக்கும் வரவேண்டும். உங்கள் வீட்டில் ஒரு விளக்கு இருந்தால், இன்றிரவே அதைப் பொருத்திப் பாருங்கள். கலம் தீர்ந்திருந்தால் மாற்றுங்கள். இருளில் வெளியே செல்பவரின் கையில் முதலில் கொடுங்கள்.