குடிப்பெயரும் குடிப்பெயர்ச்சியும்: பாரமகால் அலுவலர் நால்வர் பெயர்கள்

கி.பி. 1792-ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால், சேலமும் நாமக்கல்லும் உள்ளிட்ட நிலப்பகுதி திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் கைப்பட்டது. அதனை ஆளுமாறு காரன்வாலிசு பிரபு அமர்த்தியவர் நால்வர். தலைவர் அலெக்சாண்டர் ரீடு; துணைவர் மன்றோ, கிரகாம், மக்லவுடு என்னும் மூவர். இவர்தம் நில அளவையினையும், இரயத்துவாரி முறைக்கு இவர் இட்ட அடிப்படையினையும் வரலாற்றாசிரியர் பலர் விரித்துரைத்துள்ளனர். நாம் ஈண்டு ஆராயப் புகுவது இவர்தம் குடிப்பெயர்களை மட்டுமே. அயலார் பெயரை ஆராய்தலால் தமிழாராய்ச்சிக்கு வரும் பயன் யாதென வினவுவார், கொங்குக் கூட்டப்பெயர்களைப் பற்றிக் கட்டுரை இறுதியிற் கூறுவனவற்றை நோக்குவாராக.

நார்மானியர் இங்கிலாந்தை வென்ற 1066-ஆம் ஆண்டிற்கு முன்னர் ஆங்கு ஒருவர்க்கு ஒரு பெயரே பெரும்பான்மை வழக்கு. அதன்பின் தந்தை பெயர், ஊர், தொழில், உருவம் ஆகியவை பற்றிய அடைப்பெயர்கள் தோன்றின. இந்நால்வகையும் நமக்குப் புதியன அல்ல. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்னும் ஒரு தொடரிலேயே ஊரும் தொழிலும் தந்தைமுறையும் அடங்கியுள்ளன. வேறுபாடு யாதெனின், நக்கீரனாரின் அடை அவரொடு நின்றது. ஆங்கிலேயரின் அடையோ மகனுக்கும் பெயரனுக்கும் இறங்கி, 14-ஆம் நூற்றாண்டளவில் பெரும்பாலும் நிலைபெற்றுவிட்டது. 1538-இல் கோயிற்பற்றுதோறும் திருமணம், ஞானநீராட்டு, அடக்கம் ஆகியவற்றைப் பதிவு செய்யப் பிறந்த ஆணை அதனை மேலும் உறுதிப்படுத்தியது.

கிரகாம் என்னும் பெயரை முதற்கண் கொள்வோம். இந்நாளில் இதனைக் கேட்பார் ஸ்காட்லாந்துப் பெயர் என்றே சொல்வர். அந்நாட்டின் பெருங்குடிகளுள் ஒன்றன் பெயர் அது என்பதும் உண்மை. ஆயினும் அதன் பிறப்பிடம் இங்கிலாந்தின் இலிங்கன்சயரில் உள்ள கிரேந்தம் என்னும் ஊராம். 1086-இல் தொகுக்கப்பெற்ற டூம்சுடே நிலக்கணக்கில் அவ்வூர்ப்பெயர் கிரகாம் என்ற வடிவிலும் காணப்படுகின்றது. வில்லியம் த கிரகாம் என்பான் 12-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதலாம் தாவீது மன்னனைச் சார்ந்து வடக்கே சென்று, 1128-ஐ ஒட்டிய ஆலிரூடு மடத்து அறக்கட்டளைச் சாசனத்திற் சான்றாளனாக நிற்கின்றான். ஆங்கில ஊரின் பெயர் ஸ்காட்டுக் குடியின் பெயராகி, ஏறத்தாழ 660 ஆண்டு கழித்துப் பாரமகாலுக்கு வந்தது.

இவ்விடத்து ஒரு நுட்பம் உணரத்தக்கது. கிரேந்தத்தில் வாழ்வார் அனைவரும் கிரேந்தத்தாரே ஆகலின், ஆங்கு அப்பெயர் ஒருவனைப் பிரித்துக் காட்டாது. ஊரை விட்டு நீங்கியவனுக்கே ஊர்ப்பெயர் அடையாகப் பயன்படும். எனவே ஊர்வழிக் குடிப்பெயர் பெரும்பாலும் பிரிந்துபோன இடத்தையே சுட்டும். நம் நாட்டு வழக்கோ எப்போதும் அவ்வாறன்று. சேலம் விசயராகவாச்சாரியார் 1852-இற் பிறந்த ஊர் செங்கற்பட்டைச் சார்ந்த பொன்விளைந்த களத்தூர். சேலம் அவர் வாழ்ந்து தொண்டாற்றிய ஊர். நாமக்கல் கவிஞர் பிறந்ததும் (1888) நாமக்கல்லை அடுத்த மோகனூரிலேயாம். முன்னிற்கும் ஊர்ப்பெயரைப் பிறப்பிடம் எனக் கொள்வார் இவ்விருவரிடத்தும் பிழைபடுவர்.

மக்லவுடு என்பது 'லியோடின் மகன்' எனப் பொருள்படும். முன்னசை கேலிக்கு மொழிச் சொல். லியோடு என்பதோ கடல்வழி வந்த நார்சு மக்கள் பெயர். ஒரு பெயரின் இரு கூறுகள் இரு மொழிக்குரியன. மன்றோ குடியினர் அயர்லாந்தின் ரோ ஆற்றங்கரையினின்று வந்தோர் என்பது அவர்தம் மரபுச் செய்தி. மரபுச் செய்தியைச் சான்றெனக் கொள்ள நாம் விரைதல் வேண்டா.

எஞ்சியது ரீடு. எளிய பெயர்போல் தோன்றும் இதுவே ஆராய்ச்சிக்கு அரியது. செந்நிறம் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லினின்று, செம்மயிரும் செம்முகமும் உடையார்க்கு இட்ட பெயராக இது பல இடங்களில் பிறந்தது. காடு வெட்டித் திருத்திய நிலத்தைக் குறிக்கும் சொல்லினின்றும் பிறந்தது. இவையன்றி இலங்காசயர், சபோக்கு, எர்ட்போர்டுசயர் ஆகிய மூன்று நாட்டுப் பகுதிகளிலும் ஏறத்தாழ இதே ஒலியுடைய ஊர்கள் உள. அவற்றின் சொற்பிறப்பும் தம்முள் வேறு. ஆகவே ரீடு என்ற பெயரினர் இருவரை ஒரு குடியினர் எனத் துணிதற்கு அப்பெயர் சிறிதும் உதவாது.

இதற்கு மறுதலையாக, 1883-இல் சேலம் மாவட்டக் கையேட்டை வெளியிட்ட இலெபனு என்பாரின் பெயரைக் காட்டலாம். அது நார்மண்டியின் கான் நகரத்துப் புராட்டஸ்டண்டுக் குடி ஒன்றன் பெயர். பின்னர் அயர்லாந்தில் வேரூன்றியது. அரிய பெயர் வழிகாட்டும் அளவுக்குப் பொதுப்பெயர் காட்டாது.

இனிக் கொங்குநாட்டுக் கூட்டப்பெயர்களை நோக்குவோம். கொங்குச் சோழர் காலத்துக் கல்வெட்டுக்களில், 'வெள்ளாளன் சாத்தந்தைகளில்' இன்னான் என்றாற்போலக் கூட்டப்பெயர் தந்து கொடையாளியைக் குறிக்கும் வழக்கு உண்டு. ஆங்கிலக் குடிப்பெயர்கள் உறுதிபெற்ற நூற்றாண்டுகளை ஒட்டியே இங்கும் பரம்பரைப் பெயர் கல்லிற் பதிவாயிற்று என்பது வியக்கத்தக்கது. ஆனால் இக்காலக் கூட்ட வரலாறுகள் சில, அந்துவன் கூட்டத்தாரைச் சேரவேந்தன் அந்துவனின் வழியினர் எனப் பெயரொற்றுமை ஒன்றே கொண்டு கூறுகின்றன. ரீடு என்னும் பெயர் பலவிடத்துப் பிறந்ததை அறிந்தார் இவ்வாறு துணியார். சேர மன்னனுக்கும் கல்வெட்டுக் குடியானவனுக்கும் இடைப்பட்ட நூற்றாண்டுகளை நிரப்பும் ஆவணம் வேண்டும்.

கண்ணன் கூட்டத்தார்க்குச் சங்ககிரியைச் சார்ந்த மோரூரும், தாராபுரப் பக்கத்துக் கன்னிவாடியும் காணியூர்களாகச் சொல்லப்படுகின்றன. ஒரு குடி பிரிந்து இரண்டாயிற்றா, இரு குடிகள் ஒரு பெயர் பூண்டனவா? காணியூர்க் கோயிலின் முதன்மரியாதை இவ்விடையைச் சார்ந்து நிற்றலின், இது வெறும் சொல்லாராய்ச்சி ஆகாது. 2016-இல் ஆக்சுபோர்டில் வெளியான, 45,000-க்கு மேற்பட்ட குடிப்பெயர்களைக் கொண்ட பேரகராதி, பெயரின் பொருளோடு அமையாது அதன் தொல்பதிவுகளை இடமும் ஆண்டும் சுட்டித் தருகின்றது. அம்முறையில் மோரூர், கன்னிவாடி ஆகிய இருபகுதிக் கல்வெட்டுக்களிலும் செப்பேடுகளிலும் பயிலும் கண்ணன் என்னும் பெயரை ஆண்டு வரிசையில் நிறுத்தி நோக்குதல், இத்துறையில் புகும் மாணாக்கர் மேற்கொள்ளத்தக்க முதற்பணியாம்.