மூட்டில்லாத உருளை

 

சில ஆண்டுகளுக்கு முன்பு, கேமரன்மலைத் தேயிலைத் தோட்டமொன்றில் வாழ்ந்த என் மாணவன் ஒருவன் தொடர்ந்து நான்கு நாள் பள்ளிக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் மாலை அவன் வீட்டுக்குச் சென்றேன். தோட்டத்து ஆலையில் பல்லாண்டுக் காலம் உழைத்து ஓய்வு பெற்றவர் அவனுடைய தாத்தா. நுரையீரல் நோயால் மூச்சு விடவே திணறிக் கொண்டிருந்தார். மருத்துவர் உயிர்வளி கொடுக்கச் சொல்லியிருந்ததால் வாடகைக்கு ஓர் உருளை வாங்கி வந்திருந்தார்கள். அந்த உருளையோ வீட்டுக்குள் இல்லை! முன்வாசலுக்கு வெளியே, சாரல் மழையில், சாக்குப்பை போர்த்தி நிறுத்தி வைத்திருந்தார்கள். குழாய் தாத்தாவின் கட்டில் வரைக்கும் எட்டவில்லை. பகலில் அவரை வாசலுக்குக் கொண்டு வந்து உட்கார வைத்தார்கள். இரவில் குளிர் தாங்காமல் உள்ளே படுக்க வைத்துவிட்டு, உருளையை மூடிவிட்டார்கள். இரவெல்லாம் தாத்தாவின் அருகில் விழித்திருந்தவன் என் மாணவன்.

"வாத்தியாரையா, இந்தத் தோங் வெடிச்சா லயமே போயிடுமாமே, உண்மையா?" என்று பாட்டி என்னிடம் கேட்டார்.

"அதெல்லாம் ஒன்றும் ஆகாது பாட்டி, பயப்படாமல் உள்ளே வையுங்கள்" என்றேன்.

வீடு திரும்பும் வழியிலேயே என் மனம் உறுத்தத் தொடங்கியது. ஒன்றும் ஆகாது என்று சொல்ல எனக்கு என்ன தெரியும்? அறிவியல் பாடத்தில் உயிர்வளி எரிதலுக்குத் துணை செய்யும் என்று ஆண்டுதோறும் கற்பித்து வருகிறேன். அந்த வளியை அடைத்து வைக்கும் இரும்புத் தூணைப் பற்றி ஒரு சொல்லும் அறியேன். பாட்டி அஞ்சியதற்காவது காரணம் உண்டு. நான் துணிந்ததற்குக் காரணமே இல்லை. அன்றிரவு தொடங்கித் தேடிப் படித்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உயிர்வளியை இரப்பர் பூசிய பெரிய துணிப் பைகளில்தான் அடைத்து வைத்தார்கள். நாடக அரங்குகளிலும் படவிளக்குக் காட்சிகளிலும் சுண்ணாம்புக் கட்டியைப் பழுக்கக் காய்ச்சி ஒளி உண்டாக்குவதற்கு அது தேவைப்பட்டது. பையின்மீது பலகையை வைத்துப் பாரம் ஏற்றினால் வளி வெளியே வரும். பாரம் சரிந்தால் காட்சியும் சரிந்துவிடும். 1870 வாக்கில் பல் மருத்துவர்கள், மயக்கம் தரும் நைட்ரஸ் ஆக்சைடு வளியை நீர்மமாக்கி இரும்புக் குப்பிகளில் வாங்கத் தொடங்கினார்கள். 1886-ஆம் ஆண்டு இலண்டனில் பிரின் சகோதரர்கள் தொடங்கிய நிறுவனம், காற்றிலிருந்து உயிர்வளியைப் பிரித்து விற்கத் தொடங்கியது. பிற்காலத்தில் பிரிட்டிஷ் ஆக்சிஜன் நிறுவனம் எனப் பெயர் மாறியது இதுவே. விற்க வேண்டுமானால் அனுப்ப வேண்டும். அனுப்ப வேண்டுமானால் சிறிய கலத்தில் நிறைய அடைக்க வேண்டும். வளிமண்டல அழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் உயிர்வளி தொடர்வண்டியிலும் குதிரை வண்டியிலும் பயணம் செய்யத் தொடங்கியது.

அக்காலத்து உருளைகளில் பல, தகட்டைச் சுருட்டி, ஓரத்தின்மேல் ஓரத்தை ஏற்றிப் பழுக்கக் காய்ச்சி ஒட்டியவை. அங்கேதான் சிக்கல்! நம் பிள்ளைகள் இரவுச் சந்தையில் வாங்கித் தின்னும் சாசேஜைக் கவனித்திருக்கிறீர்களா? சூடேறியதும் அது குறுக்கே வெடிப்பதில்லை, நெடுக்காகவே பிளக்கும். உருளை வடிவக் கலத்தின் உள்ளே அழுத்தம் ஏறும்போது, சுவரைச் சுற்றுவாக்கில் இழுக்கும் விசை, நெடுக்குவாக்கில் இழுக்கும் விசையைப்போல் இரு மடங்காக இருக்கும். அதனால் பிளவு நெடுக்காக விழுகிறது. தகட்டைச் சுருட்டி ஒட்டினால் மூட்டு எங்கே அமையும்? அதே நெடுக்குக் கோட்டில்தான். ஆகப் பெரிய இழுவிசை விழும் இடத்தில் ஆக மெலிந்த பகுதி!

இவ்விடத்தில் பெற்றோர் தங்கள் சமையலறைக்குச் சென்று எரிவாயுத் தோங்கைப் பார்க்கலாம். பொதுவாக அதன் வயிற்றைச் சுற்றி ஒட்டியாணம் போல ஒரு பற்றவைப்பு வளையம் தெரியும். இரண்டு கிண்ணங்களைக் கவிழ்த்து மூட்டியது அது. அந்த மூட்டின்மீது சிறிய இழுவிசைதான் விழுகிறது. அதனுள் இருப்பது நீர்மமாகிய எரிவாயு. அதன் அழுத்தமும் வளிமண்டல அழுத்தத்தைப்போல் சில மடங்கு மட்டுமே. உயிர்வளி உருளையிலோ ஏறத்தாழ 150 மடங்கு. கட்டைவிரல் நகம் அளவுள்ள இடத்தில் மூன்று மூட்டை அரிசியின் பாரம் அழுத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் தோங் என்றே அழைத்தாலும் இரண்டும் ஒன்றல்ல.

உருளைகள் வெடித்த செய்திகள் மக்களைக் கலங்கச் செய்தன. 1895-இல் பிரிட்டனின் உள்துறை இதனை ஆராய ஒரு குழுவை அமைத்தது. எத்தகைய எஃகு, எவ்வளவு தடிப்பு, எத்தகைய சோதனை என்று வரையறுக்க முற்பட்டார்கள். எனவே பாட்டிக்கு வந்த அச்சம் படிக்காதவரின் அச்சம் அன்று. அக்காலத்து அரசும் பொறியாளரும் அஞ்சிய அதே அச்சம்தான்.

மூட்டே இல்லாத குழாய் செய்ய முடியுமா? இக்கேள்விக்கு விடை ஜெர்மனியின் ரெம்ஷைட் ஊரில் கிடைத்தது. அவ்வூரில் அரம் செய்யும் பட்டறை வைத்திருந்த மான்னெஸ்மான் குடும்பத்தார், எஃகுக் கம்பியை உருட்டும்போது அதன் நடுப்பகுதி தளர்ந்து விரிசல் விடுவதைக் கவனித்தார்கள். மற்றவர் குறை என்று ஒதுக்குவதை ரைன்ஹார்ட், மாக்ஸ் என்னும் சகோதரர்கள் முறையாக்கினர். சற்றே சாய்வாக நிறுத்திய இரண்டு உருளைகளுக்கு நடுவே பழுத்த எஃகுத் தண்டைச் சுழலவிட்டால், நடுப்பகுதி தானே பிளந்து கொடுக்கும். அங்கே ஒரு முளையை நிறுத்தினால் தண்டு குழாயாகிவிடும். இதற்கு அவர்கள் காப்புரிமை பெற்ற ஆண்டு 1885. நம் மலையை அளக்க வந்த வில்லியம் கேமரன் இப்பகுதியைக் கண்டு குறித்து வைத்ததும் அதே 1885-தான். ஒன்றுக்கொன்று தொடர்பில்லை, ஆனாலும் வரலாற்றுப் பாடம் நடத்துபவனுக்கு இத்தகைய பொருத்தங்களில் ஒரு சபலம் உண்டு.

இதை வகுப்பிலும் செய்து பார்க்கலாம். பிள்ளைகள் விளையாடும் மெழுகுக் களிமண்ணைத் தடித்த கோலாகத் திரட்டி, பலகைக்கு அடியில் வைத்து முன்னும் பின்னும் நன்றாக உருட்டுங்கள். பிறகு முனையைப் பாருங்கள். நடுவில் குழிவோ விரிசலோ தெரியும். என் மாணவர்கள் மூன்று முறை தோற்று, நான்காம் முறை கூச்சலிட்டார்கள்.

ஆனால் குழாய் என்பது இருபுறமும் திறந்தது. அடியை மூடினால் அங்கே இன்னொரு மூட்டு வந்துவிடாதா? ஹைன்ரிஹ் எர்ஹார்ட் என்ற மற்றொரு ஜெர்மானியர் 1891-இல் காப்புரிமை பெற்ற முறை இதற்கும் வழி கண்டது. எனக்கு ஆகவும் பிடித்த பகுதி இதுவே. வட்டமான அச்சுக்குள் சதுரமான எஃகுக் கட்டியைப் பழுக்கக் காய்ச்சி இறக்குகிறார்கள். சதுரத்தின் நான்கு மூலைகள் மட்டும் வட்டத்தைத் தொடும். நான்கு பக்கங்களிலும் இடைவெளி இருக்கும். மேலிருந்து ஒரு முளையை அழுத்தினால், அது தள்ளிய எஃகு அந்த நான்கு இடைவெளிகளிலும் சென்று நிரம்பிவிடும். அடி திறக்காது. ஒரே கட்டியிலிருந்து அடியுள்ள குவளை ஒன்று கிடைத்துவிடும். அதனைச் சிறிது சிறிதாகக் குறுகும் வளையங்களின் வழியே தள்ளித் தள்ளி நீளமாக்குவார்கள். நான்காம் ஆண்டு மாணவனும் கணக்கிடக்கூடிய வடிவியல் இது!

எஞ்சியிருப்பது வாய்ப்புறம். திறந்த முனையை மீண்டும் பழுக்கக் காய்ச்சி, உருளையை வேகமாகச் சுழலவிட்டு, கருவியால் மெல்ல அணைத்து அணைத்துத் தோளும் கழுத்துமாகக் குவிக்கிறார்கள். குயவர் திரிகையில் குடத்தின் கழுத்தைக் குவிப்பதை நம் முன்னோர் பார்த்திருப்பார்கள். அதே கைவேலை இங்கே நெருப்பில் நடக்கிறது. பின்னர் எஃகைச் சூடாக்கிச் சட்டெனக் குளிர்வித்து, மறுபடியும் மிதமாகச் சூடாக்கி, முறுகலும் இளக்கமும் சரியான அளவில் அமையச் செய்கிறார்கள். முறுகிய எஃகு கண்ணாடிபோல் சிதறும். பதப்பட்ட எஃகு முதலில் பிதுங்கி எச்சரிக்கும்.

இறுதியில் நீரழுத்தச் சோதனை. உருளையில் நீரை நிரப்பி, வேலை செய்யும் அழுத்தத்தைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அழுத்துகிறார்கள். காற்றால் ஏன் சோதிப்பதில்லை? காற்று வில்லைப்போல் சுருங்கி ஆற்றலைச் சேர்த்து வைக்கும். உருளை உடைந்தால் அந்த ஆற்றல் முழுவதும் வெளியே பாயும். நீர் அநேகமாகச் சுருங்குவதில்லை. ஆகவே உடைந்தாலும் பீறிட்டு அடங்கிவிடும். அழுத்தத்தை விடுவித்த பிறகு உருளை பழைய அளவுக்குத் திரும்பியதா என்றும் அளக்கிறார்கள். வரம்புக்கு மேல் உப்பி நின்றால் அது கழிக்கப்படும்.

நம்மவர் இத்தொழிலுக்கு அயலாரும் அல்லர். மலாயாத் தோட்டங்களுக்கு நம் முன்னோர் பெருமளவில் புறப்பட்ட மாவட்டங்களுள் ஒன்று திருச்சிராப்பள்ளி. அங்கே பாரத மிகுமின் நிறுவனம் மூட்டற்ற எஃகுக் குழாய்களுக்கென்றே ஓர் ஆலை வைத்திருக்கிறது. அக்குழாய்கள் கொதிகலன்களுக்குப் போகின்றன. வளி உருளைகளுக்கு எவரெஸ்ட் கான்டோ போன்ற நிறுவனங்கள் இந்தியாவில் உள்ளன. ஜப்பானியத் தொழில்நுட்பத்தின் துணையோடு 1978-இல் தொடங்கப்பட்டது அது. 2021 ஏப்ரல், மே மாதங்களில் கொரோனாப் பெருந்தொற்று இந்தியாவை உலுக்கியபோது, வளிக்கு மட்டுமல்லாமல் அதை அடைக்கும் உருளைக்கும் பஞ்சம் வந்தது. வெளிநாட்டிலிருந்து தருவித்தார்கள். நைட்ரஜன், ஆர்கான் வளிகள் அடைத்த தொழிற்சாலை உருளைகளைத் துப்புரவாக்கி, அடைப்பிதழை மாற்றி, மருத்துவ உயிர்வளிக்குப் பயன்படுத்த அரசு அனுமதித்தது. எதை அடைத்தாலும் அடிப்படையில் அதே மூட்டற்ற எஃகுக் கலம்தான் என்பதால் அது இயன்றது.

மீண்டும் தாத்தாவின் வீட்டுக்கு வருவோம். இரண்டு நாள் கழித்துச் சென்று, முதலில் பாட்டியிடம், "அன்றைக்குத் தெரியாமல் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள்" என்றேன். பின்னர் உருளையின் தோளில் பொறித்திருந்த எழுத்துகளை என் மாணவனைக் கொண்டே படிக்கச் செய்தேன். வரிசை எண், கொள்ளளவு, வெற்று எடை, அழுத்தம், சோதித்த மாதமும் ஆண்டும். மனிதருக்குப் பிறப்புப் பத்திரம் போல இதற்கு இது. "இதன் உடம்பில் ஒட்டு எங்கேயாவது இருக்கிறதா, தடவிப் பாருங்கள்" என்றேன். பாட்டி உச்சி முதல் அடிவரை தடவிப் பார்த்தார்.

அஞ்ச வேண்டியவற்றையும் சொன்னேன். உடல் வலியது, கழுத்தில் உள்ள அடைப்பிதழ் அவ்வளவு வலியதன்று. உருளை சாய்ந்து அது ஒடிந்தால் ஐம்பது கிலோவுக்கும் மேற்பட்ட எஃகு ஏவுகணைபோல் பாயும். ஆகவே தூணோடு சங்கிலியால் கட்டினோம். இறுகியிருந்த திருகில் மாணவனின் தந்தை எண்ணெய் தடவியிருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அழுத்தமான உயிர்வளியும் எண்ணெயும் சேர்ந்தால் பொறியே இல்லாமலும் தீப்பற்றக் கூடும். அந்த உருளையைத் தொடாமல், வாடகைக்குக் கொடுத்தவரிடம் சொல்லி மாற்றச் செய்தோம். சாமி விளக்கும் ஊதுபத்தியும் அடுத்த அறைக்குப் போயின. தாத்தாவின் சுருட்டு வீட்டை விட்டே போனது.

புதிய உருளை கட்டிலருகே வந்தது. ஏழு கன மீட்டர் என்றால் ஏழாயிரம் லிட்டர். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் வீதம் எத்தனை மணி நேரம் என்று கேட்டேன். மாணவன் சுவரிலேயே கணக்குப் போட்டான். ஏறத்தாழ 58 மணி நேரம். இரவில் மூடி வைக்க வேண்டியதில்லை என்று பாட்டிக்கு அந்தக் கணக்குதான் புரிய வைத்தது.

அடுத்த திங்கட்கிழமை அவன் பள்ளிக்கு வந்தான். புத்தகப் பையிலிருந்து பயிற்றுப் புத்தகத்தை எடுத்து நீட்டினான். தோளில் இருந்த எழுத்துகள் அனைத்தையும் அப்படியே பார்த்து எழுதியிருந்தான். பல சோதனை ஆண்டுகளுக்கு முன்னால், முதலில் பொறித்திருந்த ஆண்டு 1974.

"சார், அப்போ தாத்தா ஆலையில வேலைக்குச் சேர்ந்த வருசம் சார் அது. தாத்தாவே சொன்னாரு."