தப்பான மீட்டர், தப்பான கதை: 1992 பிரிட்டன் தேர்தல்

இன்னைக்கு நாம போகப்போறது 1992-க்கு. ஏப்ரல் 9, வியாழக்கிழமை. பிரிட்டனில் பொதுத்தேர்தல். இரவு 10 மணிக்கு வாக்குப்பதிவு முடிந்ததும் டிவியில் எக்சிட் போல் முடிவு வருகிறது: யாருக்கும் பெரும்பான்மை இல்லை, தொங்கு நாடாளுமன்றம்தான். ஒன்றரை மணி நேரத்துக்குள் பேசில்டன் தொகுதியின் முடிவு வந்தது. லேபர் கட்சி கண் வைத்திருந்த அந்தத் தொகுதியை கன்சர்வேட்டிவ் கட்சி தக்கவைத்துக்கொண்டது. அப்போதே கணக்கு எங்கேயோ இடிக்கிறது என்று தெரிந்துவிட்டது.

கடைசியில் பிரதமர் ஜான் மேஜரின் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 336 இடங்கள், 21 இடப் பெரும்பான்மை. அந்தக் கட்சிக்கு விழுந்த ஓட்டு 1 கோடியே 40 லட்சத்துக்கு மேல். பிரிட்டனில் எந்தக் கட்சியும் ஒரு பொதுத்தேர்தலில் அதைவிட அதிக ஓட்டு வாங்கியதில்லை, இன்றுவரை.

இப்போ கருத்துக்கணிப்புகள் சொன்னதைப் பாருங்க. கடைசியாக வந்த 4 கணிப்புகளின் சராசரிப்படி, லேபர் ஏறத்தாழ 1 புள்ளி முன்னிலை. உண்மையில் வட அயர்லாந்து நீங்கலாக கன்சர்வேட்டிவ் 42.8 சதவீதம், லேபர் 35.2. அதாவது கன்சர்வேட்டிவ் 7.6 புள்ளி முன்னிலை. முன்னிலைக் கணக்கில் மட்டும் சுமார் எட்டரைப் புள்ளி தவறு!

"சாம்பிள் சின்னதா இருந்திருக்கும்"னு நினைப்பீங்க. இல்லை. ஒவ்வொரு கணிப்பிலும் 1,000 பேருக்கு மேல் கேட்டிருந்தார்கள். சாம்பிள் சின்னது என்பதால் வரும் பிழை இரண்டு பக்கமும் சிதறும். நாலைக் கூட்டிச் சராசரி எடுத்தால் பெரும்பாலும் அடிபட்டுப்போகும். இங்கே நாலும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. ஒரே பக் நாலு சர்வரிலும் இருந்தால், நாலு சர்வரின் பதிலையும் சராசரி எடுத்து என்ன பிரயோஜனம்?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். ஆனால் அடியில் குழைந்து, மேலே அரிசி அரிசியாக நிற்கும் பானையில், எங்கிருந்து எடுத்த சோறு என்பதுதானே முக்கியம்?

மார்க்கெட் ரிசர்ச் சொசைட்டி அமைத்த விசாரணைக் குழு 1994-ல் அறிக்கை கொடுத்தது. அது சொன்ன முக்கியக் காரணங்கள் 3. ஒன்று, கடைசி நேரத்தில் மனம் மாறியவர்கள். இரண்டு, கோட்டா முறை. இத்தனை ஆண், இத்தனை பெண், இந்த வயது, இந்த வர்க்கம் என்று பட்டியல் கொடுத்துவிடுவார்கள். களத்துக்குப் போகிறவர் கையில் சிக்கியவர்களை வைத்து அதை நிரப்புவார். அந்தப் பட்டியலே பழைய தரவுகளை வைத்துப் போட்டது. அதனால் லேபர் பக்கம் சாயும் ஆட்கள் தேவைக்கு அதிகமாக உள்ளே வந்துவிட்டார்கள். மூன்று, கன்சர்வேட்டிவ் ஆதரவாளர்கள் மற்றவர்களைவிட அதிகமாக பதில் சொல்ல மறுத்தார்கள். இவர்களுக்குத்தான் 'கூச்ச சுபாவ டோரிகள்' என்று பெயர் வந்தது.

இதுவரைக்கும் டெக்னிக்கல் கதை. நான் பேச வந்தது இதற்கு அடுத்த கட்டம்.

ஏப்ரல் 1-க்கு வருவோம். அன்றைக்கு வெளியான 3 கணிப்புகள் லேபருக்கு 4 முதல் 7 புள்ளி வரை முன்னிலை கொடுத்தன. அன்று மாலை ஷெஃபீல்டில் லேபரின் பிரம்மாண்டக் கூட்டம். சுமார் 10,000 பேர். கட்சித் தலைவர் நீல் கின்னக் ஹெலிகாப்டரில் வந்து இறங்குகிறார், ராக் பாடகர் மாதிரி மேடையேறி உற்சாகத்தில் கத்துகிறார். ஜெயித்து முடித்துவிட்ட மாதிரியான கொண்டாட்டம். இன்னொரு பக்கம் ஜான் மேஜர், லூட்டனில் ஆரம்பித்து, ஊர் ஊராக ஒரு மரப்பெட்டி மேல் ஏறி நின்று, கையில் மெகாஃபோனோடு, கூச்சல் போடுகிறவர்களுக்கு நடுவே பேசிக்கொண்டிருந்தார்.

8 நாள் கழித்து லேபர் தோற்றது. உடனே கதை தயார்: "கையிலிருந்த வெற்றியை ஷெஃபீல்ட் கூட்டம் கெடுத்துவிட்டது." இன்றைக்கும் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். 'தி சன்' பத்திரிகையோ, ஜெயிக்க வைத்தது நாங்கள்தான் என்று முதல் பக்கத்திலேயே மார்தட்டிக்கொண்டது.

ஒரு சின்னக் கழித்தல் போடுவோம். கடைசி நாள் கணிப்புகளில் இருந்த எட்டரைப் புள்ளிப் பிழை ஏப்ரல் 1-லும் இருந்திருந்தால்? 7-ல் எட்டரை போனால், லேபர் ஒன்றரைப் புள்ளி பின்னால். 4-ல் போனால், நாலரை பின்னால். சரி, பிழையில் ஒரு பங்கு கடைசி நேர மாற்றம்தான் என்று விசாரணையே சொல்கிறது. அதனால் முழுசாகக் கழிக்க வேண்டாம். பாதியைக் கழித்தாலும் அந்த முன்னிலை ஒன்றுமில்லாததில் ஆரம்பித்து மூணு புள்ளியைத் தொடாமல் நிற்கிறது. கின்னக் மேடையேறியபோது 'கையிலிருந்த வெற்றி' எங்கே?

ஆபீஸில் சிஸ்டம் படுத்துவிட்டால் நாங்கள் போஸ்ட்மார்ட்டம் எழுதுவோம். எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்ற டைம்லைன்தான் அதற்கு அஸ்திவாரம். டேஷ்போர்டே தப்பு என்றால் அந்த டைம்லைனும் தப்பு. கடைசியாகக் கை வைத்த பாவப்பட்ட ஆள் தலையில் பழி விழும். 1992-ல் அந்த ஆள், ஷெஃபீல்ட் கூட்டம்.

தப்பான எண் பிரச்சாரத்தையும் திருப்பிவிட்டது. தொங்கு நாடாளுமன்றம் வரும் என்று எல்லோரும் நம்பியதால், கடைசி வாரத்தில் தேர்தல் முறையை மாற்றுவது, லிபரல் டெமாக்ரட்டுகளோடு உடன்பாடு என்றெல்லாம் பேச்சு ஓடியது. விகிதாச்சாரப் பிரதிநிதித்துவம் பற்றித் தன் சொந்தக் கருத்தைச் சொல்லாமல் கின்னக் நழுவினார். கன்சர்வேட்டிவ் கட்சியோ லிபரல் டெமாக்ரட்டுக்குப் போடும் ஓட்டு கின்னக்கை உள்ளே விடும் என்று பயம் காட்டியது. அந்தத் தொங்கு நாடாளுமன்றம் வரவே இல்லை.

2015-லும் இதே படம்தான். கணிப்புகள் இரண்டு கட்சியும் சமம் என்றன. மறுபடியும் தொங்கு நாடாளுமன்றப் பேச்சு. லேபர் தலைவர் எட் மிலிபேண்ட், ஸ்காட்லாந்து தேசியக் கட்சியின் அலெக்ஸ் சால்மண்டின் சட்டைப்பைக்குள் உட்கார்ந்திருப்பதுபோல கன்சர்வேட்டிவ் போஸ்டர் வந்தது. முடிவில் டேவிட் கேமரூனுக்குத் தனிப் பெரும்பான்மை. அப்போதும் விசாரணை நடந்தது; கேள்வி கேட்கப்பட்ட மக்கள் நாட்டைப் பிரதிபலிக்கவில்லை என்பதே முதன்மைக் காரணம் என்றது. 1992-ல் ஏமாற்றிய அதே பானை!

இரண்டுக்கும் நடுவே 1997-லும் கணிப்புகள் லேபரைக் கூட்டித்தான் காட்டின. ஆனால் டோனி பிளேர் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்ததால், வெளியே பெரிய சத்தம் எழவில்லை. பதில் சரியாக வந்துவிட்டால் ஸ்டெப்ஸை யார் பார்க்கிறார்கள்?

அதனால அடுத்த தடவை யாராவது "அந்த ஒரு பேச்சாலதான் தோத்தாங்க, அந்த ஒரு கூட்டத்தாலதான் போச்சு"ன்னு சொன்னா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க: அதுக்கு முன்னாடி ஜெயிச்சுட்டு இருந்தாங்கன்னு உங்களுக்கு யார் சொன்னது? அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.