இரண்டு தங்கமீன், ஒரு நீர்ச்செடி, ஐந்தாறு நத்தை



போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மீன் தொட்டிப் படத்தைப் போட்டிருந்தேன். அதற்கு இவ்வளவு கேள்வி வரும் என்று எதிர்பார்க்கவில்லை. "டீச்சர், மோட்டார் எங்கே?", "தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள்?", "அடியில் மண்ணா போட்டிருக்கிறீர்கள், கலங்காதா?" என்று கேட்டிருந்தீர்கள். சின்ன நாத்தனார் மட்டும், "அண்ணி, குளத்தைத் தூக்கி ஹாலில் வைத்துவிட்டீர்களா?" என்று எழுதியிருந்தார். அவர் சொன்னதுதான் ஏறக்குறைய சரி.

ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் இந்தத் தொட்டிக்குப் பின்னால் ஒரு அப்பாவும் மகனும் இருக்கிறார்கள். அவர்கள் கதையைப் படித்த நாளிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. அதனால் நீளமாகத்தான் எழுதப் போகிறேன். அவசர வேலை இருப்பவர்கள் இரவு படித்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் வகுப்பில் நாம் செய்த ஒரு சோதனை எல்லோருக்கும் நினைவிருக்கும். வாய்க்காலில் போய் வேலம்பாசி அள்ளி வரச் சொல்வேன். பெரிய பீக்கரில் தண்ணீர், அதில் பாசி, மேலே கவிழ்த்த புனல், அதன் மேல் தண்ணீர் நிரப்பிய சோதனைக்குழாய். எல்லாவற்றையும் வெயிலில் வைத்தால் குமிழ் குமிழாக மேலே ஏறும். "இதுதான் ஆக்சிஜன், எழுதிக்கோ" என்பேன். அந்தக் குமிழை முதலில் கவனித்து எழுதியவர்களில் முக்கியமானவர் யான் இங்கன்ஹவுஸ் என்ற டச்சு மருத்துவர். 1779ல் இங்கிலாந்தில், இலைகளைத் தண்ணீரில் போட்டு வெயிலிலும் இருட்டிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். வெயிலில் குமிழ் வந்தது, இருட்டில் வரவில்லை. அவருக்குச் சில ஆண்டுகள் முன்னால் ஜோசப் பிரீஸ்ட்லி, மெழுகுவர்த்தி அணைந்துபோன காற்றில் ஒரு புதினாக் கொத்தை வைத்து, சில நாள் கழித்து அதே காற்றில் மறுபடி மெழுகுவர்த்தி எரிவதைக் காட்டியிருந்தார். செடி காற்றைச் சரி செய்கிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

ஆனால் அதை வைத்து வீட்டில் மீன் வளர்க்கலாம் என்று தோன்ற இன்னும் 70 ஆண்டுகள் ஆயின.

சீனர்கள் ஆயிரம் ஆண்டுகளாகத் தங்கமீன் வளர்க்கிறார்கள். ஆனால் குளத்திலும் பீங்கான் தொட்டியிலும்தான், மேலிருந்து பார்ப்பார்கள். பக்கவாட்டில் பார்க்கக் கண்ணாடி வேண்டும். பிரிட்டனில் கண்ணாடிக்கு எடைக் கணக்கில் வரி இருந்தது. 1845ல் அந்த வரியை எடுத்த பிறகுதான் கண்ணாடி மலிவானது. லண்டனில் நத்தானியேல் வார்டு என்ற மருத்துவர் 1829ல் ஒரு மூடிய கண்ணாடிப் புட்டியில் ஈரமண்ணும் கூட்டுப்புழுவும் வைத்திருந்தார். புழுவைப் பார்க்கத்தான் வைத்தார்; மண்ணில் பெரணிச் செடி முளைத்தது. அதிலிருந்து மூடிய கண்ணாடிப் பெட்டி பிறந்தது. சீனாவிலிருந்து தேயிலைக் கன்றுகள் கப்பலேறி இமயமலை அடிவாரத்துக்கு வந்ததெல்லாம் அந்தப் பெட்டிகளில்தான். நாம் குடிக்கும் டீக்கும் மீன் தொட்டிக்கும் இப்படி ஒரு சொந்தம்.

பெண்பிள்ளைகள் இரண்டு பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பாடப்புத்தகத்தில் கிடைக்காது. ஒருவர் ழான் வில்புரு-பவர். தையல் வேலையிலிருந்து தொடங்கி, சிசிலித் தீவின் மெசினா நகரில் 1832 வாக்கில் கண்ணாடித் தொட்டி செய்வித்து, அதில் கடல் உயிர்களை வைத்து ஆராய்ந்தார். ஆர்கோனாட் என்ற எண்கால் உயிர் தன் ஓட்டைத் தானேதான் செய்துகொள்கிறது என்று நிரூபித்தார். இன்னொருவர் அன்னா தின். 1846ல் கடற்கரையிலிருந்து பவள உயிர்களை லண்டன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவை பிழைக்க வேண்டுமே! வீட்டுப் பணிப்பெண் தினமும் சன்னலருகே நின்று, அரைமணி முக்கால்மணி நேரம் தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆற்றுவாராம், நாம் டீ ஆற்றுகிற மாதிரி. இன்று மோட்டார் செய்கிற வேலையை முதலில் செய்தது அந்தப் பெண்ணின் கை. அவர் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

இப்போது அப்பாவுக்கு வருவோம்.

ராபர்ட் வாரிங்டன் ஒரு வேதியியலாளர். லண்டனில் மருந்து தயாரிப்போர் சங்கத்தின் கட்டடத்தில் வேலை. 1849ல் சுமார் 12 கேலன் கொள்ளும் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தை எடுத்தார். நம் கணக்கில் ஏறக்குறைய 55 லிட்டர். அடியில் மணலும் சேறும் சில கற்களும். ஊற்றுத் தண்ணீர். ஒரு வாலிஸ்நேரியா செடியை நட்டார். நாடா மாதிரி நீள இலை உள்ள நீர்ச்செடி. இரண்டு சின்னத் தங்கமீன்களை விட்டார். செடி ஆக்சிஜன் கொடுக்கும், மீன் கரியமில வாயு கொடுக்கும், கணக்கு நேராகிவிடும் என்பது அவர் எண்ணம்.

கணக்கு நேராகவில்லை. செடியின் பழைய இலைகள் அழுகின. தண்ணீர் கலங்கியது. கண்ணாடியில் பச்சை வழவழப்பு படிந்தது. நீங்களோ நானோ என்றால் அன்றைக்கே கொட்டிக் கழுவியிருப்போம். அவர் கழுவவில்லை. குளத்தில் இந்த அழுகலை யார் தின்கிறார்கள் என்று யோசித்தார். ஐந்தாறு குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகலையும் பச்சையையும் மேய்ந்து தீர்த்தன. தண்ணீர் தெளிந்தது. நத்தை போட்ட முட்டைகள் மீனுக்கு உணவாயின. 1850ல் இதை லண்டன் வேதியியல் சங்கத்தில் கட்டுரையாக வாசித்தார்.

எனக்கு அவரைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். அந்தத் தொட்டி அழுக்கானபோது அவர் யாரையும் திட்டவில்லை.

அதற்கப்புறம் அங்கே ஒரே மீன் தொட்டி மோகம். 1853ல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மீன்களுக்கென்றே ஒரு வீடு திறந்தார்கள். 1854ல் பிலிப் ஹென்றி காஸ் ஒரு புத்தகம் எழுதி 'அக்வேரியம்' என்ற சொல்லை ஊர் முழுக்கப் பரப்பினார். ஆளாளுக்குக் கடற்கரைக்குப் போய்ப் பாறை இடுக்குகளைச் சுரண்டி எடுத்துவந்தார்கள். கரைகளே மொட்டையாகின. காசின் மகனே பின்னால் அதை வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். தொட்டியில் அளவுக்கு மீறி உயிர்களை அடைத்தார்கள், செத்து நாறின, சலித்துப்போய்ப் பத்து ஆண்டில் பரணில் ஏற்றினார்கள். கைபேசி வாங்குகிற நம் பிள்ளைகள் மாதிரிதான் அவர்களும்.

ஏன் செத்தன? செடியும் நத்தையும் இருந்தும் ஏன் செத்தன? அப்பா வாரிங்டனின் கணக்கில் ஒரு வரி விடுபட்டிருந்தது. அந்த வரியை எழுதியதில் பெரும்பங்கு அவர் மகனுக்கு.

மகன் பெயரும் ராபர்ட் வாரிங்டன்தான். அப்பா அந்தத் தொட்டியை வைத்தபோது அவருக்கு 10, 11 வயது இருக்கும். வளர்ந்து வேளாண் வேதியியலாளர் ஆனார். லண்டனுக்கு வடக்கே ரோத்தம்ஸ்டெட் என்ற இடத்தில் புகழ்பெற்ற வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது. அங்கே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி: வயலில் போடும் எரு எப்படிப் பயிர் உண்ணும் சத்தாக மாறுகிறது? நம் ஊரில் சாணிக் குப்பையை மக்க வைத்துத்தான் வயலுக்குக் கொண்டு போவார்கள், பச்சையாகப் போட்டால் பயிர் காந்திவிடும் என்பார்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

எருவிலிருந்து வரும் அமோனியா, மண்ணில் நைட்ரேட்டாக மாறுவது உயிருள்ள ஏதோ ஒன்றின் வேலை என்று 1877ல் இரண்டு பிரெஞ்சு அறிஞர்கள் காட்டினார்கள். மகன் வாரிங்டன் அதைத் தொடர்ந்து ஆண்டுக்கணக்கில் சோதித்து, இது இரண்டு படியாக நடக்கிறது என்று கண்டார். முதலில் ஒருவகை நுண்ணுயிர் அமோனியாவை நைட்ரைட் ஆக்குகிறது. வேறொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது. அந்த உயிர்களைத் தனியாகப் பிரித்து வளர்க்கத்தான் அவரால் முடியவில்லை. ஆய்வகத்தில் வழக்கமாகக் கொடுக்கும் ஊட்டத்தில் அவை வளர மறுத்தன. 1890ல் செர்கே வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் அதைச் செய்து பெயர் பெற்றார்.

மீன் தொட்டியில் நடப்பதும் இதேதான். மீன் வெளிவிடும் கழிவிலும், தின்னாமல் அழுகும் தீனியிலும் அமோனியா உண்டாகிறது. அது மீனுக்கு விஷம். நைட்ரைட்டும் விஷம். நைட்ரேட் ஓரளவு பாதகமில்லை, செடிக்கு உணவு. இந்த மாற்றத்தைச் செய்யும் நுண்ணுயிர்கள் தண்ணீரில் மிதப்பதைவிட மணலிலும் கல்லிலும் இலையிலும்தான் அதிகம் ஒட்டி வாழ்கின்றன. புதுத் தொட்டியில் அவை போதுமான அளவு பெருக நாலு முதல் ஆறு வாரம்கூட ஆகும். அப்பாவின் தொட்டியில் சேற்றோடு சேர்ந்து அவை வந்து உட்கார்ந்திருக்கும். அவருக்கு அது தெரியாது. 1867லேயே இறந்துவிட்டார். தான் வைத்த தொட்டி ஏன் பிழைத்தது என்பதன் மீதிப் பாதியைத் தன் பிள்ளை கண்டுபிடிப்பான் என்று அவருக்குத் தெரியாமலே போய்விட்டது.

இனி மனசு சரியில்லாத விஷயம்.

தொண்ணூறுகளின் நடுவில் நம் வகுப்பில் ஒரு மீன் தொட்டி வைத்தோம், நினைவிருக்கிறதா? இரண்டு தங்கமீன். அதற்குப் பொறுப்பாக ஒரு மாணவனைப் போட்டிருந்தேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கடைசிப் பீரியடில், தொட்டியை முழுக்கக் காலி செய்து, மணலைக் குழாயடியில் நுரை போகத் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் வாசம் அடிக்கும் குழாய்த் தண்ணீரையே நிரப்பச் சொல்வேன். சுத்தம் என்றால் எனக்கு அப்படி ஒரு பிடிவாதம். மூன்று முறை மீன் வாங்கினோம், மூன்று முறையும் செத்தன. மூன்றாவது முறை, நாற்பது பிள்ளைகள் முன்னால் அவனை நிற்க வைத்து, "சோற்றை அள்ளிக் கொட்டிக் கொன்றுவிட்டாயே" என்று கேட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். அதற்கப்புறம் தொட்டிப் பக்கமே போகவில்லை.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் கழுவி ஊற்றியது அழுக்கை மட்டும் இல்லை, அந்த நுண்ணுயிர்களையும்தான். மிஞ்சியதைக் குளோரின் பார்த்துக்கொண்டது. ஆசிரியர் பயிற்சிப் பட்டயத்தில் இதெல்லாம் சொல்லித் தரவில்லை என்று சாக்குச் சொல்லலாம். ஆனால் தெரியாதபோது ஒரு பையன்மேல் பழி போட்டது யாரும் சொல்லித் தந்து நான் செய்ததில்லை. தம்பி, நீ இந்தப் பக்கத்தில் இருக்கிறாய், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தவறாமல் வாழ்த்து அனுப்புகிறாய். பெயர் போடவில்லை. மீன் செத்தது உன்னால் இல்லை. என்னால். வகுப்பின் முன்னால் சொன்னதால், வகுப்பின் முன்னாலேயே சொல்கிறேன்.

சரி, தொட்டிக் கதையை முடிக்கிறேன். இருபதாம் நூற்றாண்டில் மின்சாரப் பம்பும் வடிகட்டியும் வந்ததும் செடியை எல்லோரும் மறந்தார்கள். பிளாஸ்டிக் செடியும் கலர் கல்லும் வந்தன. மறுபடி செடியைக் கொண்டுவந்தவர்களில் பெரிய பெயர் ஜப்பானின் தகாஷி அமானோ (1954–2015). நீகாத்தா ஊர்க்காரர், சைக்கிள் பந்தய வீரராக இருந்து புகைப்படக் கலைஞர் ஆனவர். கல்லும் மரவேரும் செடியும் வைத்து, தண்ணீருக்குள் ஒரு மலையடிவாரத்தையே காட்டுவார். பாசியைத் தின்ன அவர் சின்ன இறால்களை விட்டார். வாரிங்டனின் நத்தை வேலைதான். லிஸ்பனில் அவர் கடைசியாக அமைத்த தொட்டி 40 மீட்டர் நீளம். அமெரிக்காவில் டயானா வால்ஸ்டாட் என்ற அம்மையார் 1999ல் எழுதிய புத்தகத்தில், அடியில் சாதாரண மண், மேலே சரளை, நிறையச் செடி, கொஞ்சம் மீன் போதும் என்றார். 150 ஆண்டு சுற்றிவிட்டு மறுபடி சேற்றுக்கே வந்துவிட்டோம்.

நானும் பேரனும் செய்தது அம்மையார் வழிதான். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். வாரிங்டன் பாத்திரத்தின் அளவேதான் வருகிறது. அளந்து செய்யவில்லை, கடையில் இருந்தது அது. எரு போடாத வயல் மண்ணைச் சலித்து ஓரங்குலம், மேலே கழுவிய ஆற்றுமணல் ஓரங்குலம். தண்ணீரை ஒரு தட்டின்மேல் மெதுவாக ஊற்றினால் மண் கலங்காது. முதல் நாளே நெருக்கமாகச் செடி நட வேண்டும். வாலிஸ்நேரியா கடையில் வாங்கினோம், வேலம்பாசி நம் வாய்க்காலில் எடுத்தது. வெயில் நேராக விழாத இடம், எட்டு மணி நேரம் எல்.இ.டி. விளக்கு. கடைக்காரர் அன்றைக்கே மீனையும் கட்டிக் கொடுக்கப் பார்த்தார். பேரனும், "அம்மாச்சி, ரெண்டே ரெண்டு" என்று அழுதான். ஐந்து வாரம் காத்திருக்க வைத்தேன். தங்கமீன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது பெரிதாக வளரும், கழிவும் அதிகம், இந்தத் தொட்டி அதற்குப் போதாது. ஆறு கப்பி மீன்தான் விட்டோம். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மட்டும் மாற்றுகிறோம், முதல் நாளே பிடித்து வைத்து ஆறிய தண்ணீர். மணலைத் தொடுவதே இல்லை.

மூன்றாவது வாரம் கண்ணாடியெல்லாம் பச்சை படிந்தது. கை துறுதுறுத்தது. தேய்க்கிற நாரைக்கூட எடுத்துவிட்டேன். அப்புறம் திரும்ப வைத்துவிட்டு, பேரனை வாய்க்காலுக்கு அனுப்பினேன். நாலு நத்தை கொண்டுவந்தான். நேற்றுப் பார்த்தால் வாலிஸ்நேரியா இலையின் அடியில் கண்ணாடிப் பாகு மாதிரி ஒட்டியிருக்கிறது, நத்தை முட்டை. இரண்டு கப்பிகள் அதையே சுற்றி வருகின்றன. படம் கீழே போட்டிருக்கிறேன், கொஞ்சம் மங்கலாக இருக்கும், பெரிதாக்கிப் பாருங்கள்.