சலாபத்துக்கு முன் ஒரு மாதிரி

புதிய கருவியொன்றை வடிவமைப்போர் முதலில் மாதிரி ஒன்றைச் செய்து சோதித்துப் பார்த்த பின்னரே பெருந்தொகையை முதலிடுவர். இதனை நம் காலத்து வழக்கமென்று எண்ணும் வாசகர்களுக்கு மன்னார்க் கடலை நினைவூட்ட விரும்புகின்றேன்.

சிலாவத்துறை, அரிப்பு, மறிச்சுக்கட்டிக் கரைகளுக்கு மேற்கே, கடலடியில் முத்துச் சிப்பிகள் படியும் திட்டுகளுக்குப் 'பார்' என்று பெயர். அங்கு முத்துக்குளிப்பாகிய சலாபம் ஆண்டுதோறும் நடந்ததில்லை. பிரித்தானியர் காலத்தில், அதிகாரிகள் முதலில் பாரைப் பார்வையிட்டுச் சில ஆயிரம் சிப்பிகளை மட்டும் எடுப்பிப்பர். அவற்றை அழுகவிட்டுக் (அந்த நாற்றத்தை எழுதாத வெள்ளைக்காரர் இல்லை!) கழுவி முத்தைப் பிரிப்பர். பின்னர், 20 துளை முதல் 1000 துளை வரையுள்ள பத்துப் பித்தளைப் பெட்டிகளில் சலித்துப் பருமன் காண்பர். ஒளியும் உருட்சியும் நோக்கி, ஆணி முதல் தூள் வரை தரம் வகுப்பர். ஆயிரம் சிப்பியின் முத்து இன்ன விலை பெறும் என்று மதிப்பிட்ட பிறகே சலாபம் அறிவிக்கப்படும்.

முத்துச் சிறிதாயின் காத்திருக்கலாம். ஆனால் அதிகம் காத்திருந்தால் சிப்பி மூப்படைந்து மடியும். முத்து மணலோடு போகும். அள்ளிய சிப்பியில் மூன்றிலொரு பங்கையே கூலியாகப் பெற்ற குளியாட்களின் ஆண்டு வருமானம் இந்தக் கணிப்பில் தொங்கியது.

1891க்குப் பின் 1903 வரை சலாபமே இல்லை. காரணம் ஆராய 1902இல் பேராசிரியர் ஹெர்ட்மன் வந்தார். ஜேம்ஸ் ஹோர்னெல் உதவியாளர். பெரிய பாரில் திரளாகப் படியும் குஞ்சுச் சிப்பிகள் முதிருமுன்னரே அழிந்துவிடுவதைக் கண்டு, அவற்றைப் பாதுகாப்பான பார்களுக்கு மாற்றலாம் என்றார் ஹெர்ட்மன். இதற்கிடையில் 1905ஆம் ஆண்டுச் சலாபம் அரசுக்குச் சுமார் 25 லட்சம் ரூபாய் ஈட்டித் தந்தது.

அந்தத் தொகைதான் கண்ணை மறைத்தது என்பேன். 1906இல் இலண்டன் முதலீட்டாளரின் கம்பனியொன்று ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வீதம் இருபது ஆண்டுகளுக்குப் பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. கூடையிலுள்ள சிப்பியின் விலையை மாதிரி சொல்லும். இன்னும் பிறவாத சிப்பியைப் பற்றி அது என்ன சொல்லும்? பழைய அதிகாரிகள் ஒரு பருவத்துக்கு மட்டுமே அதனை நம்பினர். 1907க்குப் பிறகு பார்கள் வெறுமையாயின. சில ஆண்டுகளில் கம்பனி கலைக்கப்பட்டது.

குளியாட்களுக்கோ கலைப்பதற்குக் கம்பனி ஏதுமில்லை. வேலை மட்டும் போயிற்று. பின்னர் 1925இல் பெரிய சலாபமொன்று நடந்தது. முத்துக்குளிப்பைக் கண்காணிக்க ஆளுநர் நோர்த் அரிப்பில் கட்டிய மாளிகையின் செங்கற்சுவர்களை இப்போது கடல் அரித்துக்கொண்டிருக்கிறது.