களரியும் வாவியும்: மட்டக்களப்பு மக்கள் கூடிய களங்களின் வரலாறு

கிழக்கிலங்கையின் மட்டக்களப்பு வாவி, வடக்கே ஏறாவூர்ப் பக்கம் தொடங்கித் தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலை ஒட்டிக் கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நிலம் எழுவான்கரை எனவும், வயலும் காடும் சார்ந்த மேற்குப்புற நிலம் படுவான்கரை எனவும் வழங்குகின்றன; நகரின் நடுப்பகுதியான புளியந்தீவோ வாவிக்குள்ளேயே அமைந்திருக்கிறது. போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, பத்தாண்டுகளின் பின் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டையும், முகத்துவாரத்தில் 1913இல் எழுந்த வெளிச்ச வீடும், கல்லடிப் பாலமும், வடக்கே பாசிக்குடாக் கடற்கரையும் இன்று பயணிகளுக்குக் காட்டப்படும் இடங்களாகும். இவை ஆட்சியும் கப்பலோட்டமும் உல்லாசப் பயணத் தொழிலும் உருவாக்கிய அடையாளங்களே அன்றி, இப்பகுதி மக்கள் தலைமுறை தலைமுறையாக எங்கே கூடினர், எதைக் கண்டு களித்தனர் என்பதைச் சொல்வன அல்ல. அவர்கள் கூடிய களங்கள் பெரும்பாலும் கட்டடங்களாக இருக்கவில்லை. பருவம் வந்ததும் ஊரார் கைகளால் அமைக்கப்பட்டு, பருவம் முடிந்ததும் கலைக்கப்பட்டவையாகவே இருந்தன. இந்த இயல்பே அவற்றின் நீண்ட வாழ்வுக்குக் காரணமாயிற்று.

அக்களங்களுள் மிகப் பழையது வாவியே. கோடை மாதங்களின் நிலாக்கால இரவுகளில், காற்று அடங்கிய வேளையில், நீருக்கடியிலிருந்து நரம்பை மீட்டியது போன்ற மெல்லிய ஒலி எழுவதைத் தோணியில் சென்று கேட்பது இப்பகுதியின் வழக்கம். மட்டக்களப்புக்கு மீன்பாடும் தேனாடு என்ற பெயர் வழங்கவும் அதுவே காரணம். தண்டு வலிப்பதை நிறுத்தித் தோணியை அசையாமல் விட்டபின், துடுப்பின் ஒரு முனையை நீருள் அமிழ்த்தி மறுமுனையைக் காதோடு சேர்த்துப் பிடித்தால், கரையில் நிற்பவருக்கு எட்டாத ஒலி மரத்தின் வழியே தெளிவாக வந்து சேரும் என்பர். இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1848இல் இங்கு வந்தபோது இவ்வாறு படகில் சென்று கேட்டதையும், ஒலி எழும் இடத்திலிருந்து எடுத்த ஊரி எனப்படும் சிப்பியினத்தை மீனவர்கள் தமக்குக் காட்டியதையும், 1859இல் வெளிவந்த தமது நூலில் பதிந்தார். காரைதீவில் 1892இல் பிறந்து, 1947இல் வெளிவந்த ‘யாழ் நூல்’ வழியாகப் பழந்தமிழ் இசையை ஆராய்ந்த சுவாமி விபுலானந்தர், இந்த வாவியின் இசையை நீரர மகளிரின் பாடலாகக் கற்பனை செய்து கவிதையாக்கினார். ஆளுநர் வில்லியம் மானிங்கின் காலத்தில் திட்டமிடப்பட்டு அவருடைய மனைவியின் பெயரைத் தாங்கிய கல்லடி இரும்புப் பாலம், பின்னாளில் இந்த ஒலியைக் கேட்க வருவோர் நிற்கும் இடமாகவும் ஆனது. 2013இல் அதனருகே புதிய பாலம் திறக்கப்பட்டது.

வாவி இயற்கை தந்த களம் என்றால், களரி ஊர் தானே அமைத்துக்கொண்ட களமாகும். களரி என்பது கூத்தாடுவதற்கென மண்ணைச் சற்று உயர்த்தி வட்டமாக அமைக்கும் திறந்தவெளி அரங்கு. அதைச் சுற்றிக் கம்புகள் நட்டு, மேலே வெள்ளை கட்டி, தீப்பந்தமோ எண்ணெய் விளக்கோ, பிற்காலத்தில் பெற்றோமக்ஸ் விளக்கோ ஏற்றுவர். பார்வையாளர் நாற்புறமும் பாய் விரித்து அமர்வர். அண்ணாவியார் எனப்படும் கூத்தாசிரியர் மத்தளத்தோடு களரியிலேயே நிற்க, சல்லாரி எனப்படும் தாளக்கருவி இசைப்போரும், பிற்பாட்டுப் பாடுவோரும், ஏடு பார்த்து அடியெடுத்துக் கொடுப்பவரும் அவரைச் சூழ்ந்து நிற்பர். முன்புறம், பின்புறம் என்ற பிரிவே இல்லாத இந்த அரங்கில், ஆடுபவர் வட்டமாகச் சுற்றிச் சுற்றி எல்லாத் திசையினருக்கும் முகங்காட்டி ஆட வேண்டியிருப்பதால், கூத்தின் ஆட்டக்கோலங்கள் களரியின் வடிவத்தோடு பிணைந்தே வளர்ந்தன.

மட்டக்களப்புக் கூத்து வடமோடி, தென்மோடி என இரு மரபாக வழங்குகிறது. வடமோடி பெரும்பாலும் இராமாயண, பாரதப் போர்க்கதைகளை எடுத்துக்கொள்வது. அதன் அரச பாத்திரங்கள் கரப்புடுப்பு எனப்படும் அகன்று விரிந்த கனத்த உடையும் கிரீடமும் அணிவர். தென்மோடி காதலும் கற்பனையும் கலந்த கதைகளையும் பாடுவது. அதன் உடை இலேசானது, தாளக்கட்டுகளோ நுணுக்கம் மிக்கவை. எந்த மோடியாயினும் கூத்து ஓரிரவில் உருவாவதில்லை. வேளாண்மை வெட்டிச் சூடடித்து நெல் வீடு சேர்ந்தபின், ஊர்ப் பெரியோரும் அண்ணாவியாரும் கூடி எக்கூத்து, யாருக்கு எப்பாத்திரம் என்று முடிவு செய்வர். பாத்திரத்துக்குரிய பாடலும் வசனமும் எழுதிய சட்டத்தை ஆடுவோரிடம் ஒப்படைக்கும் சட்டங்கொடுத்தல் அப்போது நிகழும். பின்னர் மாதக்கணக்கில் இரவுதோறும் பழக்கம் நடைபெறும். கால் ஆட்டத்தில் தேறியவர் முதன்முறை சதங்கை கட்டும் நாள் சதங்கை அணிதல் எனவும், உடையின்றி முழுக்கூத்தையும் ஆடிப் பார்க்கும் நாள் அடுக்குப் பார்த்தல் எனவும் கொண்டாடப்படும். இவற்றின் முடிவாக, இரவு தொடங்கி விடியும்வரை அரங்கேற்றம் நிகழும். அதன்பின் கூத்தர் வீட்டுக்கு வீடு சென்று ஆடி அன்பளிப்புப் பெறுவர். இவ்வாறு பல மாதங்கள் நீளும் இந்நிகழ்வில், பார்ப்பவரும் ஆடுபவரும் ஒரே ஊரவர், பெரும்பாலும் உறவினர். நேற்றுவரை வயலில் தன்னோடு வேலை செய்தவர் இன்று தருமராகவோ கர்ணனாகவோ வரவு ஆடி வருவதைக் காண்பதே அங்கு கூடுவோர் பெற்ற இன்பமாகும்.

வழிபாட்டுக் களங்களும் இதே இயல்பின. வைகாசியில் நிகழும் கண்ணகி அம்மன் சடங்குகளோடு தொடர்புடைய கொம்புமுறி விளையாட்டில், ஊர் வடசேரி, தென்சேரி என இரு பக்கமாகப் பிரிந்து, வளைந்த இரு மரக்கொம்புகளைக் கோத்துக் கட்டி, ஒன்று முறியும்வரை வடம் பூட்டி இழுக்கும். பாண்டிருப்புத் திரௌபதி அம்மன் கோயிலில் பாண்டவரின் வனவாசமும் தவநிலையும் ஊர் வீதிகளிலேயே நடித்துக் காட்டப்பட்டு, இறுதியில் தீமிதிப்போடு நிறைவுறுகின்றன. அமிர்தகழி மாமாங்கேசுவரர் ஆலயத்தில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு வாவியின் இரு கரையிலிருந்தும் மக்கள் திரள்வர். இவற்றில் வேடிக்கை பார்த்தல், நேர்த்தி வைத்தல், உறவினரைச் சந்தித்தல் ஆகிய மூன்றும் பிரிக்க முடியாதபடி ஒன்றியிருக்கின்றன.

இருபதாம் நூற்றாண்டில் இதற்கு நேர்மாறான ஒரு களம் வந்து சேர்ந்தது. 1928இல் புகையிரதப் பாதை மட்டக்களப்பை எட்டியபின், நகருக்கு வெளியுலகப் பொருள்களும் கலைகளும் வரும் வழி எளிதாயிற்று. பின்னர் எழுந்த சினிமாக் கொட்டகைகளில் சென்னையில் தயாரான தமிழ்ப் படங்கள் ஓடின. பணம் கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கியவர் எவரும், எந்த ஊரவராயினும், இருட்டில் ஒரே திசையை நோக்கி அமர்ந்து பார்க்கும் வழக்கம் இவ்வாறு பரவிற்று. களரிக்குத் தேவைப்பட்ட மாதக்கணக்கான உழைப்பு இங்கே தேவைப்படவில்லை. ஆனால் பார்வையாளர் படைப்பில் பங்குகொள்ளவும் இடமிருக்கவில்லை. அமிர்தகழியில் 1939இல் பிறந்த பாலு மகேந்திரா பின்னர் இந்தியா சென்று புனே திரைப்படக் கல்லூரியில் பயின்று, தமிழ்ச் சினிமாவின் முதன்மையான ஒளிப்பதிவாளர்களுள் ஒருவராகவும் இயக்குநராகவும் புகழ்பெற்றார். வாவிக்கரை திரைக்கலைஞரைத் தந்ததெனினும், திரைத்தொழில் அங்கே வேரூன்றவில்லை என்பதை அவருடைய வாழ்க்கை காட்டுகிறது.

கூத்தும் கொட்டகையின் ஈர்ப்புக்குத் தப்பவில்லை. எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ (1956) சிங்கள நாடகத்தில் மரபுவழி அரங்குக்குப் புத்துயிர் கொடுத்ததைக் கண்ட பேராசிரியர் சு. வித்தியானந்தன், பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு ‘கர்ணன் போர்’ (1962), ‘நொண்டி நாடகம்’ (1963), ‘இராவணேசன்’, ‘வாலி வதை’ ஆகியவற்றை மேடையேற்றினார். விடியவிடிய ஆடிய கூத்து ஒன்றரை மணி நேர அளவுக்குச் சுருங்கி, வட்டக்களரியிலிருந்து ஒரு பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்கு இடம்பெயர்ந்தது. படித்தோர் ஒதுக்கிவைத்திருந்த கலைக்கு இதனால் மதிப்பு உண்டாயிற்று. ‘இராவணேசன்’ நாடகத்தில் இராவணனாக ஆடிய சி. மௌனகுரு, பின்னர் மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து விரிவான நூலும் எழுதினார். இந்தப் பேற்றை மறுப்பதற்கில்லை. ஆயினும் மேடையேறியது கூத்தின் ஆட்டமும் பாட்டுமே தவிர, அதனை உருவாக்கிய ஊர்க்கூட்டுறவு அன்று.

1978 நவம்பர் 23இல் வீசிய சூறாவளி மட்டக்களப்பைச் சிதைத்தது. அதன்பின் நீடித்த போர் இரவு நடமாட்டத்தையே அச்சத்துக்குரியதாக்கியதால், விடியும்வரை ஆடும் கலைக்கு இரவே இல்லாமற் போயிற்று. பாசிக்குடாவில் 1970களில் தோன்றிய விடுதிகளும் பாழடைந்தன. 2004 டிசம்பர் 26இன் கடற்கோள் கல்லடி, நாவலடிக் கரைகளில் ஏராளமான உயிர்களைக் காவுகொண்டதோடு, கல்லடித் திருச்செந்தூர் முருகன் ஆலயக் கோபுரத்தையும் சாய்த்துவிட்டது. கட்டடமாக நின்றவற்றை மீட்பதற்குப் பெருமுதலீடும் நீண்ட காலமும் வேண்டியிருந்தன. பாசிக்குடா மீண்டும் விடுதி வலயமாக எழுந்தது 2009இல் போர் முடிந்த பின்னரே. களரியோ, அண்ணாவியாரும் மத்தளமும் ஆடுவதற்கு இளைஞரும் இருந்த ஊர்களில், போருக்கு நடுவிலும் இயன்றபோதெல்லாம் எழுந்தது. 2000களின் தொடக்கத்தில் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் ஊரவரும் சேர்ந்து முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம், கூத்தை மேடைக்குக் கொண்டு செல்லாமல் களரியிலேயே வைத்து, அதன் கதைகளில் சாதி, பெண் பற்றிய பழைய கருத்துகளை ஊரவரே பேசி மாற்றிக்கொள்ள வழிசெய்தது.

இவ்வரலாறு உல்லாசப் பயணத் திட்டங்களை வகுப்போருக்கும் பண்பாட்டுத் துறையினருக்கும் ஒன்றைத் தெளிவாக உணர்த்துகிறது. கூத்தைப் பயணிகளுக்காக அரைமணி நேரக் காட்சியாக்கி விடுதி முற்றத்தில் ஆடவைப்பதனாலோ, அதற்கெனப் பெரும் மண்டபம் ஒன்று கட்டுவதனாலோ மட்டும் இந்த மரபு காக்கப்பட்டுவிடாது. அண்ணாவியாருக்கு உரிய மதிப்பும் வருவாயும், இளைஞருக்கு இரவில் கூடிப் பழகும் ஓய்வும், ஊருக்குப் பல மாதங்கள் ஒன்றாக உழைக்கும் காலமும் கிடைத்தால், களரியை ஊரே அமைத்துக்கொள்ளும். அவை கிடைக்காவிட்டால், எத்தனை பெரிய மண்டபமும் வெறும் கட்டடமாகவே நிற்கும்.